உப்புத் தண்ணீர் ஊரில் எவர்சில்வரும் டைட்டானியமும்

எவர்சில்வர் என்று தமிழ்நாட்டு வீடுகளில் வழங்கும் உலோகம் இரும்பும் குரோமியமும் கலந்த எஃகு. குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால்தான் துருவைத் தடுக்கும் குணம் அதற்கு வரும். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உலோகத்தின் மேல் ஒரு படலமாகப் படிகிறது. சில நானோமீட்டர் தடிப்பே உள்ள படலம் அது, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நீரும் காற்றும் உள்ளே இருக்கும் இரும்பைத் தொடவிடாமல் காப்பது அதுவே. டைட்டானியமும் இதே வழியில்தான் தன்னைக் காத்துக்கொள்கிறது. அதன் படலம் டைட்டானியம் ஆக்சைடால் ஆனது, இன்னும் உறுதியானது. ஆகவே இந்த இரண்டு உலோகங்களையும் பராமரிப்பது என்றால் இந்தப் படலத்துக்கு ஊறு வராமல் பார்த்துக்கொள்வது என்றே பொருள். அழுத்தித் தேய்ப்பதால் வரும் பளபளப்புக்கும் உலோகத்தின் ஆயுளுக்கும் தொடர்பு குறைவு.

பாத்திரக் கடையில் பெயர் வெட்டிக் கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டு இந்தப் படலத்தின் வேலையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். புதிதாக வாங்கிய குடத்தின் கழுத்திலோ தட்டின் விளிம்பிலோ கடைக்காரர் சிறு மின்கருவியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுத்தை உண்டாக்குகிறார். ஒவ்வொரு புள்ளியிலும் மேற்பரப்பு கிழிந்து புது உலோகம் வெளியே வருகிறது. முலாம் பூசிய இரும்பாக இருந்தால், முலாம் கிழிந்த அந்த எழுத்து சீக்கிரமே பழுப்பேறிவிடும். எவர்சில்வரில் அப்படி நடப்பதில்லை. குரோமியம் மேலே பூசப்பட்டதன்று, உலோகம் முழுவதும் கலந்திருப்பது. காற்றுப் பட்டதும் அந்தப் புள்ளிகளையும் புதுப் படலம் மூடிவிடுகிறது. பாட்டிக்குச் சீராக வந்த அண்டாவில் அவர் பெயரும் தேதியும் இன்றும் தெளிவாக நிற்பது இதனால்தான். எழுத்துப் பள்ளங்களில் கறுப்பாகத் தெரிவது துரு அன்று. எண்ணெயும் சோப்பும் சேர்ந்து இறுகிய அழுக்கு. வெந்நீரில் சோப்புக் கரைசல் விட்டுச் சற்று ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி 1913-இல் உருக்கிய குரோமிய எஃகு இந்த உலோகத்தின் தொடக்கங்களுள் ஒன்று; அதே காலத்தில் ஜெர்மனியின் க்ருப் நிறுவனத்தில் நிக்கலும் சேர்ந்த வகை உருவானது. தமிழ்நாட்டில் 1980களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கிய பிறகு எவர்சில்வர் தகடு உள்ளூர்ச் சரக்காகவே கிடைக்கலாயிற்று. பித்தளைக்கு ஈயம் பூச வேண்டும், புளி போட்டுத் துலக்க வேண்டும். எவர்சில்வருக்கு இரண்டும் வேண்டாம். அந்த வசதிதான் அதைச் சமையலறையின் முதல் உலோகமாக்கியது. பராமரிப்பே வேண்டாம் என்ற தவறான எண்ணமும் அந்த வசதியோடு சேர்ந்தே வந்தது.

தென்சென்னைப் புறநகருக்குக் குரோமியம் புதிய பெயரன்று. குரோம்பேட்டை என்ற ஊர்ப் பெயரே 1912-இல் சேம்பர்ஸ் என்பவர் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்தது. அங்கே தோலைப் பதப்படுத்தப் பயன்பட்டது குரோமிய உப்பு. தோல் பதனிடும் ஆலைக் கழிவில் மண்ணையும் நிலத்தடி நீரையும் கெடுக்கும் அதே தனிமம்தான், எஃகோடு உருகிக் கலந்த நிலையில் குடத்தையும் டம்ளரையும் காக்கிறது.

எவர்சில்வர் என்ற ஒரே பெயருக்குள் பல வகைகள் இருக்கின்றன. எந்தப் பாத்திரம் எவ்வளவு தாங்கும் என்பதை அந்த வகையே முடிவு செய்கிறது. 304 எனப்படும் வகையில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 316 வகையில் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்கிறது; உப்பைத் தாங்கும் வலிமை அதனால் கூடுகிறது. 430 வகையில் நிக்கல் இல்லை, காந்தம் ஒட்டும். 200 வரிசை எனப்படும் மலிவு வகையில் நிக்கலைப் பெருமளவு குறைத்து, அந்த இடத்தில் மாங்கனீசைச் சேர்க்கிறார்கள், குரோமியமும் குறைவு. இந்தியக் கடைகளில் எடைக்கு விற்கும் விலை குறைந்த பாத்திரங்களில் பெரும்பகுதி இந்த வரிசையைச் சேர்ந்தது. காந்தம் ஒட்டவில்லையென்றால் நல்ல சரக்கு என்று கடைகளில் சொல்லப்படுவதை நம்பி வாங்குவது தவறு. 200 வரிசையிலும் காந்தம் ஒட்டாது. ஒட்டும் 430 வகையோ பல வேலைகளுக்கு அதைவிட நன்றாகவே உழைக்கும். இண்டக்‌ஷன் அடுப்புக்கான பாத்திரத்தின் அடிப்பகுதி காந்தம் ஒட்டும் வகையாகத்தான் இருந்தாக வேண்டும். காந்தத்தைவிடப் பாத்திரத்தில் உள்ள முத்திரையைப் பார்ப்பதே சரியான வழி. எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐ.எஸ். 14756 என்ற தரநிலை உண்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. 304 என்றோ 18/8 என்றோ பொறித்திருந்தால் ரசீதிலும் அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்பது நல்லது.

உலோகம் பாதி என்றால் தண்ணீர் பாதி. ஆக்சைடு படலத்தின் முதல் எதிரி குளோரைடு. சாப்பாட்டு உப்பில் பாதிக்கு மேல் எடை அதுதான். குளோரைடு ஓரிடத்தில் தேங்கி, நீர் வற்ற வற்றச் செறிவடையும்போது படலத்தில் ஊசிமுனை அளவுக்குத் துளை விழுகிறது. துளைக்குள் ஆக்சிஜன் போதாது, படலம் மறுபடி கூடாது, உள்ளே அமிலத்தன்மை ஏறுகிறது. மேலே சிறு பழுப்புப் புள்ளியாகத் தெரிவது உள்ளுக்குள் ஆழமான குழியாக இருக்கும். எவர்சில்வர் முழுக்கத் துருப்பிடித்து உதிர்வது அரிது. இப்படிப் புள்ளி விழுந்து ஓட்டையாவதே வழக்கம்.

தாம்பரம், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பம்மல், பல்லாவரம் எல்லாம் 2021 நவம்பரில் ஒரே மாநகராட்சியாயின. ஆனால் வீட்டுக்கு வீடு தண்ணீர் வேறு. ஒரே தெருவில் ஒரு வீட்டில் பாலாற்று நீர், அடுத்த வீட்டில் போர் தண்ணீர், அதற்கடுத்த அடுக்ககத்தில் லாரித் தண்ணீர். கிழக்கே வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம், சோழிங்கநல்லூர்ப் பக்கம் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களின் நீரும் வருகிறது. நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் முதல் நிலையம் 2013-இலும், 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது நிலையம் 2024-இலும் செயல்பாட்டுக்கு வந்தன. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஒரு லிட்டரில் 250 மில்லிகிராம் குளோரைடை ஏற்கத்தக்க அளவாக வைக்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1,000 மில்லிகிராம் வரை விடுகிறது. உலோகத் துறையில் 304 வகைக்கு 200 மில்லிகிராம், 316 வகைக்கு 1,000 மில்லிகிராம் என்று தோராய வரம்பு சொல்வார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும்: குடிக்கத்தக்கது என்று விடப்படும் போர் தண்ணீரேகூட, பாத்திரத்தில் தேங்கி நின்று காய்ந்தால் 304-ஐக் குத்தும் அளவுக்கு உப்பு கொண்டதாக இருக்கலாம்.

இந்த வட்டார வீடுகளில் பரவலாக உள்ள ஒரு பழக்கத்தை இங்கே கவனிக்க வேண்டும். ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் நீரை வாளியில் பிடித்துப் பாத்திரம் தேய்க்கப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீருக்கு அலைந்த ஊரில் அந்தச் சிக்கனம் மதிக்கத்தக்கது. ஆனால் அந்த நீரில், உள்ளே போன போர் தண்ணீரின் உப்பெல்லாம் செறிந்து நிற்கிறது. எச்சிலை அலசுவதற்கும் சோப்புப் போட்டுத் தேய்ப்பதற்கும் அது போதும். கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஒரு சொம்பு செலவழித்தால் பாத்திரத்துக்குக் கேடு வராது.

அன்றாடச் சுத்தத்துக்கு வேண்டியது மிகக் கொஞ்சம்: வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு, மெல்லிய ஸ்பாஞ்சோ தேங்காய் நாரோ, கடைசியில் உலர்ந்த துணி. நம் வீடுகளில் விடுபட்டுப்போவது இந்தத் துணிதான். கழுவிய பாத்திரத்தைக் கூடையில் கவிழ்த்து வைத்தால் நீர் தானாக வடியும் என்று விட்டுவிடுகிறோம். வடிவது நீர் மட்டுமே. அதிலிருந்த சுண்ணாம்பும் உப்பும் டம்ளரின் விளிம்பில் வளையமாகத் தங்கிவிடுகின்றன. துடைத்து வைப்பதற்கு ஆகும் ஐந்து நிமிடம், வாரக் கடைசியில் கை வலிக்கத் தேய்க்கும் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

தேய்க்கும் பொருளில் தேங்காய் நாரைப் போல் நல்லது கிடையாது. உலோகத்தைவிட மென்மையானது, ஒட்டிய சோற்றை எடுக்கும் அளவுக்கு முரடானது. சாம்பலும் சபீனாத் தூளும் கறையை எடுக்கும், மெல்லிய கீறலையும் விடும். பளபளப்பான வெளிப்பக்கத்துக்கு அவற்றைத் தவிர்த்து, கறுத்த அடிப்பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சுருள் கம்பி நாரில் இரண்டு வகை உண்டு. எவர்சில்வர்க் கம்பி என்றால் கீறலோடு போகும். சாதாரண இரும்புக் கம்பி என்றால் அதன் நுண்துகள்கள் பாத்திரத்தில் புதைந்து, மறுநாள் அவை துருப்பிடித்துப் பாத்திரமே துருப்பிடித்ததுபோல் காட்டும். ஈரத்தோடு தோசைக்கல்லையோ இரும்புச் சட்டியையோ எவர்சில்வர் சிங்கில் இரவு முழுக்கப் போட்டு வைத்தால் காலையில் தெரியும் பழுப்பு வளையமும் இதே கதைதான். அது சிங்கின் துரு அன்று, கல்லின் துரு. அன்றே எலுமிச்சை மூடியால் தேய்த்துக் கழுவினால் போகும். மாதக்கணக்கில் விட்டால் அதன் அடியில் படலம் கெட்டு, சிங்கும் குழி விழத் தொடங்கும். மேட் பினிஷ் சிங்கில் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். அந்தத் திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் பளிச்சென்று தெரியும்.

கறைகளில் இந்த ஊரின் தலையாய கறை வெள்ளைப் படிவு. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடேறும்போது சிதைந்து, சுண்ணாம்பாக, அதாவது கால்சியம் கார்பனேட்டாகப் பாத்திரத்தில் ஒட்டுகிறது. இட்லிக் குண்டானின் அடியிலும் வெந்நீர் போடும் தவலையிலும் மின்கெட்டிலிலும் முதலில் தோன்றுவது இது. சோப்புக்கு அசையாது, தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும். அமிலம் பட்டால் குமிழ் விட்டுக் கரையும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி வினிகரோ ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலமோ கலந்து, இருபது நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால் போதும். புளிக்கரைசலும் அதையே செய்யும். இட்லிக் குண்டான் நீரில் பிழிந்த எலுமிச்சை மூடியையோ புளிச் சக்கையையோ போட்டு வைக்கும் பழைய வழக்கம் வேதியியல்படியும் சரியானது: படிவு ஒட்டுவதற்கு முன்பே கரைந்துவிடுகிறது. சிட்ரிக் அமிலத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. தொழிற்சாலைகளில் எஃகின் மேலுள்ள இரும்புத் துகளை நீக்கிப் படலத்தை வலுப்படுத்த நைட்ரிக் அமிலத்தோடு இதையும் பயன்படுத்துகிறார்கள்.

டபராவின் உட்புறத்துக் காபிக் கறைக்கு ஆப்பச் சோடாவைக் குழைத்துத் தடவித் துடைத்தால் போதும். அடிப்பிடித்த பாலையும் சோற்றையும் சுரண்டக் கூடாது. மூழ்கும் அளவு நீர் விட்டு, இரண்டு கரண்டி ஆப்பச் சோடா போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் தானாகக் கழன்று வரும். காய்ந்த பாத்திரம் அதிகச் சூடேறியதால் வரும் வானவில் நிறம் அழுக்கன்று. படலம் தடித்ததால் ஒளி பிரிந்து தெரிகிறது. வினிகரில் துடைத்தால் மங்கும், அப்படியே விட்டாலும் கெடுதலில்லை.

உப்பு விஷயத்தில் இரண்டு பழைய வழக்கங்களை விட்டுவிட்டோம். கல் உப்பையும் ஊறுகாயையும் பீங்கான் ஜாடியில் வைத்தார்கள். இன்று எவர்சில்வர் டப்பாவில் கொட்டி வைக்கிறோம். ஈரக் கரண்டி பட்ட உப்பு டப்பாவின் அடியில் ஓரிரு ஆண்டில் ஊசித்துளைகள் தோன்றும். மலிவு வகை என்றால் இன்னும் விரைவாக. இரண்டாவது, நீர் கொதித்த பிறகு உப்புப் போடுவது. ஆறிய நீரில் போட்ட கல் உப்பு கரையாமல் அடியில் கிடக்கிறது. அந்தக் கற்களைச் சுற்றி மிகச் செறிந்த கரைசல் சூடேறும்போது, அடித்தகட்டில் வெள்ளைப் புள்ளிகளாகக் குழி விழுகிறது. கொதிக்கும் நீரில் போட்டுக் கிளறினால் அந்தத் தொல்லை இல்லை. ரசமும் புளிக்குழம்பும் எவர்சில்வரில் வைக்கத்தக்கவையே. சமைத்ததை அதிலேயே இரண்டு நாள் வைத்திருப்பதுதான் சரியில்லை.

உப்பைவிடப் பெரிய கேடு குளியலறையிலிருந்து வருகிறது. தரை டைல்ஸையும் கழிப்பறையையும் கழுவ வாங்கும் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் ஆவியே எஃகுக்கு நஞ்சு. குளியலறையில் ஊற்றிக் கதவைச் சாத்தினால் குழாய், துண்டுக் கம்பி, கதவுக் கீல், திருகு எல்லாம் சில மணி நேரத்தில் பழுப்பேறும். மூடி சரியாக இறுகாத ஆசிட் பாட்டிலைச் சிங்குக்கு அடியில் வைத்திருக்கும் வீடுகளில், சிங்கின் அடிப்பக்கம் யார் கண்ணிலும் படாமல் அரித்துக்கொண்டிருக்கும். புது அடுக்ககங்களில் டைல்ஸ் ஒட்டிய பின் சிமெண்டுக் கறையைப் போக்க வேலையாட்கள் ஆசிட் ஊற்றிக் கழுவுகிறார்கள். படிக்கட்டின் எவர்சில்வர்க் கைப்பிடி வீட்டுக்காரர் குடிவரும் முன்பே புள்ளி விழுந்திருப்பதற்கு அதுவே காரணம். கைப்பிடியைப் பொருத்தும் வேலையை ஆசிட் கழுவலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளும்படி ஒப்பந்ததாரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பிளீச்சிங் பவுடரும் குளோரின் சரக்குதான். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நீர் நின்றபோதும், சாக்கடை கலந்த வெள்ளத்தில் கிடந்த பாத்திரங்களை என்ன செய்வது என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்தது. தரைக்கும் சுவருக்கும் பிளீச்சிங் பவுடர் தேவை. எவர்சில்வரை அதில் ஊறவைத்தால் கிருமியோடு உலோகமும் போகும். சேற்றை ஓடும் நீரில் கழுவி, சோப்பால் நன்றாகத் தேய்த்து, பெரிய அண்டாவில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு எடுத்தால் கிருமி நீங்கும். சூட்டைத் தாங்குவதில் எவர்சில்வருக்குக் குறையில்லை. குக்கர் மூடியின் ரப்பர், டிபன் கேரியரின் கிளிப், மடித்த விளிம்பு ஆகியவற்றில் சேறு ஒளிந்திருக்கும், அவற்றைத் தனியே பார்க்க வேண்டும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. கிளம்பும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்து.

வீட்டுக்கு வெளியே இருக்கும் எவர்சில்வருக்குக் கடற்காற்று தனிச் சோதனை. பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர் என்று கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் பால்கனிக் கைப்பிடிகளும் வாயிற்கதவுகளும் தேயிலைச் சாறு வழிந்ததுபோல் பழுப்பேறுகின்றன. கடலிலிருந்து உள்ளே போகப் போகக் காற்றிலுள்ள உப்பு வேகமாகக் குறைவதால் தாம்பரத்திலும் முடிச்சூரிலும் இந்தத் தொல்லை குறைவு. கூர்ந்து பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும்: திறந்த வெளியில் மழை நேராக விழும் கம்பி ஓரளவு சுத்தமாக இருக்க, சன்ஷேடுக்கு அடியில் மழை படாத கம்பியே அதிகம் கறைபட்டிருக்கும். மழை உப்பைக் கழுவிவிடுகிறது. மறைவில் இருக்கும் கம்பியில் உப்பு சேர்ந்துகொண்டே போகிறது. எனவே கடலோர வீட்டில் மழை படாத கம்பியை மாதம் இருமுறையாவது நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டு கழுவித் துடைக்க வேண்டும். புதிதாகப் போடுவோர் 316 வகையைக் கேட்டு வாங்குவதும், சொரசொரப்பான பினிஷைவிட வழவழப்பானதைத் தேர்வதும் கூடுதல் செலவுக்குத் தகுந்தவை. எவர்சில்வர்க் கம்பியில் சாதாரண இரும்புத் திருகைப் போட்டால் திருகு துருப்பிடித்து வழியும். திருகும் எவர்சில்வராகவே இருக்க வேண்டும். உலோக அரிப்பு நாட்டின் எந்தப் பகுதியில் எவ்வளவு என்று அளந்து வரைபடமாக்கியது காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம். கடற்கரை நெடுகிலும் அரிப்பு கடுமை என்பதை அந்தப் பணி உறுதிப்படுத்தியது.

மருத்துவமனைக் கருவிகள் வேறு கணக்கு. தாம்பரம் சானடோரியம் 1928-இல் மருத்துவர் சவுரிமுத்து தொடங்கிய காசநோய் இல்லத்திலிருந்து வளர்ந்தது. இன்று அந்த வட்டாரம் முழுக்க மருத்துவமனைகளும் பல் மருத்துவ மையங்களும் இருக்கின்றன. கத்தரி, இடுக்கி போன்ற கூர்மை தேவைப்படும் கருவிகள் 420 போன்ற கடின எஃகில் செய்யப்படுகின்றன. கடினத்தன்மைக்காகக் கார்பனைக் கூட்டியதால் அதன் துரு எதிர்ப்பு 304-ஐவிடக் குறைவு. இரத்தத்திலும் குளோரைடு உண்டு, காயவிட்டால் குத்தும். அதனால் பயன்படுத்திய கருவியை உடனே கழுவுவதும், கீல்களைத் திறந்து வைத்துத் துலக்குவதும், 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் தூய்மை செய்தபின் ஈரம் இல்லாமல் உலரவிடுவதும் விதி. சலைன் நீரில் ஊறப்போடுவது பெரும் தவறு. அதில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. வீட்டில் நகவெட்டியும் கத்தரிக்கோலும் பாத்திரங்களைவிடச் சீக்கிரம் துருப்பிடிப்பதற்கும் கார்பன் கூடிய இந்தக் கடின எஃகே காரணம். அவற்றைக் கழுவிய கையோடு துடைத்து, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும்.

டைட்டானியம் இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவற்றைக் கடந்த உலோகம். எஃகின் அடர்த்தியில் அறுபது சதவீதத்துக்கும் குறைவு. உருகுநிலை 1,668 டிகிரி செல்சியஸ். சாதாரண வெப்பத்தில் கடல்நீர் அதைத் தொடுவதில்லை. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் மத்ஸ்யா 6000 என்ற கலத்தை உருவாக்கிவருகிறது. அதில் மனிதர் அமரும் கோளத்துக்குத் தேர்ந்தெடுத்தது 80 மில்லிமீட்டர் தடிப்புள்ள டைட்டானியக் கலப்பு உலோகம். அந்த ஆழத்தில் காற்றழுத்தத்தைப் போல் அறுநூறு மடங்கு அழுத்தம் இருக்கும்; அங்கே எடை குறைவும் வலிமையும் உப்பைத் தாங்கும் குணமும் ஒருங்கே தேவை. தெற்கே கல்பாக்கத்தில் கடல்நீரால் குளிர்விக்கும் மின்நிலையக் குழாய்களுக்கு டைட்டானியம் ஏற்றதென்று ஆய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள்: டைட்டானியம் நஞ்சற்றது என்பதால் கடல் நுண்ணுயிர்கள் அதன் மேல் தாராளமாகக் குடியேறுகின்றன. துருப்பிடிக்காத உலோகத்துக்கும் சுத்தம் செய்தல் தேவை என்பதற்கு அதுவே போதிய சான்று. டைட்டானியத்தின் மூலக்கனிமமான இல்மனைட் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைப்பது தமிழ்நாட்டுக்கு இந்த உலோகத்தோடு உள்ள இன்னொரு உறவு.

வீடுகளுக்கு டைட்டானியம் வந்தது பெரும்பாலும் உடம்பை ஒட்டிய பொருள்களாக: மூக்குக் கண்ணாடிச் சட்டம், கைக்கடிகாரம், நிக்கல் ஒவ்வாதவர்கள் போடும் காதுத் திருகு, எலும்பு முறிவுக்கு வைக்கும் தகடு, செயற்கைப் பல்லின் வேர். கண்ணாடிச் சட்டத்தை நல்ல தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டுக் கழுவி, பருத்தித் துணியால் துடைத்தால் போதும். மூக்கு தாங்கியில் பச்சையாகப் படிவது டைட்டானியத்திலிருந்து வருவதன்று. அதைப் பிடித்திருக்கும் செம்பு கலந்த கம்பியும் வியர்வையும் சேர்ந்து உண்டாக்குவது. அங்கே மென்மையான பிரஷ் போதும், தாங்கியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மெருகேற்றாத டைட்டானியக் கடிகாரத்திலும் போன் சட்டத்திலும் விரல் எண்ணெய் கருநிழலாகத் தெரியும். சோப்பு நீரில் நனைத்த துணி அதை எடுத்துவிடும். நீலமும் ஊதாவும் பொன்னிறமுமாக வரும் டைட்டானிய நகைகளில் சாயம் ஏதும் இல்லை. மின்சாரம் செலுத்தி ஆக்சைடு படலத்தைத் தடிக்கச் செய்ததால் வரும் ஒளியின் நிறம் அது. தூள் போட்டுத் தேய்த்தால் படலம் தேய்ந்து நிறம் போய்விடும், திரும்ப வராது.

டைட்டானியத்துக்கு உண்மையான எதிரி ஃப்ளூரைடும் அமிலமும் சேர்ந்த கலவை. துரு நீக்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கும். அது இந்த உலோகத்தையும் கரைக்கும், கையையும் எலும்பு வரை சுடும், வீட்டில் அதற்கு இடமே கிடையாது. செயற்கைப் பல்வேர் வைத்துக்கொண்டவர்கள் வழக்கமான பற்பசையைப் பயன்படுத்தலாம். அமிலத்தன்மையும் செறிந்த ஃப்ளூரைடும் உள்ள ஜெல்லைப் பல் மருத்துவரைக் கேட்காமல் தடவக் கூடாது. அந்த வேருக்கு வரும் ஆபத்து உலோகத்தைவிட அதைச் சூழ்ந்த ஈறில்தான் தொடங்குகிறது. மென்மையான பிரஷ், பல் இடுக்குக்கான நூல், காலம் தவறாமல் மருத்துவரிடம் சுத்தம் செய்துகொள்வது ஆகியவையே பராமரிப்பு. சாதாரண எஃகுச் சுரண்டி டைட்டானியத்தைக் கீறும் என்பதால் மருத்துவர்கள் அதற்கென்று பிளாஸ்டிக் அல்லது டைட்டானியக் கருவியை எடுக்கிறார்கள்.

டைட்டானியம் என்று விளம்பரப்படுத்தும் வாணலிகளில் பல, அலுமினியத்தின் மேல் ஒட்டாத பூச்சு போட்டவை. பூச்சுக்குள் டைட்டானியம் பெயரளவுக்கு இருக்கும். அவற்றை நான்ஸ்டிக் போலவே, மரக்கரண்டியும் மென்மையான ஸ்பாஞ்சும் கொண்டு கையாள வேண்டும்; அவற்றுக்கு டைட்டானிய விலை கொடுப்பது வீண். மலையேறுவோர் கொண்டுபோகும் உண்மையான டைட்டானியக் கிண்ணம் மெல்லியது, சூட்டைச் சீராகப் பரப்பாது, குழம்பு வைத்தால் நடுவில் அடிப்பிடிக்கும். தண்ணீர் கொதிக்கவைக்கவே அது ஏற்றது.

பளபளப்பு போன எவர்சில்வரைப் பட்டறையில் கொடுத்து பாலீஷ் போட்டு வாங்கலாம். மேலே உள்ள கீறலும் மங்கலும் போகும். ஊசித்துளை விழுந்த பாத்திரத்துக்கு பாலீஷ் உதவாது, அடைப்பதும் வீண். துளைக்குள் ஈரமும் உணவும் தங்கிக் கிருமி வளரும். அதைச் சமையலிலிருந்து எடுத்துவிட வேண்டும், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற இடங்களில் பழைய பாத்திரம் வாங்கும்போதும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அடியைப் பார்த்து வாங்க வேண்டும். கழித்த எவர்சில்வரைக் குப்பையில் போட வேண்டியதில்லை: பாத்திரக் கடைகளும் பழைய இரும்புக் கடைகளும் அதை எடைக்கு எடுத்துக்கொள்கின்றன, உருக்கினால் அதன் குரோமியமும் நிக்கலும் புதிய எஃகுக்கே திரும்பப் போகின்றன.